டிபி பெட்டி மட்டும் புதிதான வீடு: ஒரு வயரிங் மேம்பாட்டின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது. இருபத்தைந்து, முப்பது ஆண்டு வயதான வயரிங்கில் ஒன்றைத் தொடர்ந்து ஒன்றாக வரும் பிழைகளை ஒரே கூரையின் கீழ் வைத்துப் பார்க்க அமைத்த மாதிரி வீடு இது. அளவுகள் அந்த மாதிரிக்கு உரியவை. கணக்குகள் 230 வோல்ட், ஒற்றை ஃபேஸ் சப்ளைக்குப் போட்டவை. வேறு வோல்டேஜ் உள்ள நாட்டில் எண்கள் மாறும், காரணங்கள் மாறாது.

இரண்டு தளம், மூன்று படுக்கையறை. சுவருக்குள் பைப் வைத்த வயரிங். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஃபியூஸ் போர்டை எடுத்துவிட்டு எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) வைத்த டிபி பெட்டி (மின்சாரத்தைச் சுற்றுகளாகப் பிரித்து அனுப்பும் பெட்டி) போட்டார்கள். அதன்பின் மேல்தளக் குளியலறையில் 3000 வாட் ஹீட்டரும், இரண்டு அறைகளில் ஏசியும் வந்தன. வீட்டுக்காரரின் புகார்கள் மூன்று. மேல்தளப் படுக்கையறையில் ஒரு பிளக் பாயிண்ட் உருகிக் கருகியது, ஆனால் எந்த எம்சிபியும் விழவில்லை. வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது. பயந்துபோய் ஒரு ஆர்சிசிபி (எர்த்துக்கு மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் சாதனம்) வாங்கிப் போட்டார்கள், அது காலையில் விழுந்துகொண்டே இருந்ததால் ஒருவர் வந்து "சரி" செய்துவிட்டுப் போனார்.

அந்தச் "சரி" என்னவென்று முதலில் பார்த்தோம். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் லீவர் விழுகிறது, ஆனால் ஒரு விளக்கும் அணையவில்லை. வெளியே போக வேண்டிய கம்பிகளை அதன் உள்வரும் முனைகளிலேயே சேர்த்து முறுக்கியிருந்தார்கள். பெட்டியில் சாதனம் இருக்கிறது, வீட்டுக்கு அதன் காவல் இல்லை. உங்கள் வீட்டில் இன்றே செய்யக்கூடிய சோதனை இது: பட்டனை அழுத்தினால் லீவர் விழுந்தால் போதாது, அதன் கீழுள்ள சுற்றுகள் எல்லாம் அணைய வேண்டும்.

எம்சிபி அடிக்கடி விழுந்தால் பெரிதாக ஒன்று போடலாமா?

இந்த வீட்டில் அதைத்தான் செய்திருந்தார்கள். மேல்தளப் பிளக்குகளுக்கு 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி, அதற்கு 20 ஆம்பியர் எம்சிபி. ஹீட்டரை அதே சுற்றில், படுக்கையறைப் பிளக் பாயிண்டின் பின்னாலிருந்து 1.5 சதுர மி.மீ. கம்பி இழுத்துக் கோத்திருந்தார்கள். காலையில் ஹீட்டர் 13 ஆம்பியர், ஏசி 7, இஸ்திரிப் பெட்டி 4.3. மொத்தம் சுமார் 24 ஆம்பியர்.

வீட்டு எம்சிபிகளுக்கான ஐஇசி 60898 தரப்படி, தன் அளவின் 1.13 மடங்கு வரை எம்சிபி ஒரு மணி நேரத்துக்கு விழக்கூடாது, 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 20 ஆம்பியருக்கு இந்த எல்லைகள் 22.6, 29. நம்முடைய 24 நடுவில் நிற்கிறது. அதனால்தான் சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை. சுவர்ப் பைப்பில் ஓடும் 2.5 சதுர மி.மீ. பிவிசி கம்பி, சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருந்தால் 24 ஆம்பியர் தாங்கும். 40 டிகிரியில் 0.87-ஆல் பெருக்க வேண்டும், 20.9 ஆகிவிடும். ஆக, விழுந்த எம்சிபி தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது.

அதை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் போட்டதும் தொல்லை நின்றது. காரணம், 32 ஆம்பியர் எம்சிபி 36 ஆம்பியர் வரை ஒரு மணி நேரத்துக்காவது விழாது. 20.9 தாங்கும் கம்பியில் 36 ஓடினால் வெப்பம் மூன்று மடங்கு, ஏனென்றால் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும். பிவிசி உறைக்கு எல்லை 70 டிகிரி. ஹீட்டருக்குப் போன 1.5 சதுர மி.மீ. கம்பி அந்த ஹீட்டரின் 13 ஆம்பியரை மட்டும் தாங்கிவிடும். ஆனால் நாளைக்கு யாராவது அதிலிருந்து இன்னொரு பாயிண்ட் இழுத்தால் தடுக்க எதுவும் இல்லை.

எம்சிபி கம்பிக்குக் காவல், மெஷினுக்கு அல்ல. கம்பியின் தடிமனைப் பார்த்து எம்சிபியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; மெஷின் கூடுதலாகக் கேட்டால் கம்பியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு எம்சிபியின் கீழும் வெளியேறும் கம்பியின் தடிமனை எண்ணோடு ஒப்பிடுவது எந்த மேம்பாட்டுக்கும் முதல் படி. வரியின் கடைசி வரை அதே தடிமன் போகிறதா என்பது அதற்கடுத்த படி. இந்த வீட்டில் பெட்டியில் தெரிந்தது 2.5, பிழை பிளக்குக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

பிளக் ஏன் கருகியது, எம்சிபி ஏன் பார்க்கவில்லை?

கருகிய பாயிண்டைக் கழற்றியபோது ஒரே திருகின் கீழ் மூன்று கம்பிகள்: வரும் கம்பி, அடுத்த பிளக்குக்குப் போகும் கம்பி, ஹீட்டருக்குப் போகும் ஒல்லிக் கம்பி. தடிமன் வேறுபடும் கம்பிகளை ஒரே திருகில் அழுத்தினால் தடித்ததுதான் அழுந்தும், ஒல்லியானது தொட்டுக்கொண்டு நிற்கும். அந்தத் தொடுகையில் 0.1 ஓம் தடை இருந்தாலே போதும். 13 ஆம்பியருக்கு 17 வாட் வெப்பம், ஒரு பயற்றளவு இடத்தில், தினமும் காலையில். சூடாகி விரியும், ஆறிச் சுருங்கும், திருகு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். செம்பு கறுத்துப்போகும்.

இந்த 0.1 ஓம் மொத்த மின்னோட்டத்தைக் கொஞ்சமும் கூட்டாது. சிறிது குறைக்கவே செய்யும். எம்சிபிக்கு அது 13 ஆம்பியர் லோடுதான். ஆர்சிசிபிக்கும் தெரியாது, ஏனென்றால் எதுவும் எர்த்துக்குக் கசியவில்லை. தளர்ந்த இணைப்பைக் கண்டு துண்டிக்க ஆர்க் ஃபால்ட் சாதனங்கள் இருக்கின்றன. அவையும் பொறி பறக்கத் தொடங்கிய பிறகே உணரும். வெறும் சூட்டை உணராது. எனவே மூக்கையும் கையையும் நம்ப வேண்டியிருக்கிறது: மீன் நாற்றம் போன்ற பிளாஸ்டிக் வாடை, பழுப்பேறிய சுவிட்ச் தகடு, ஹீட்டர் கால் மணி ஓடியபின் கை வைக்க முடியாத அளவு சூடான பிளக். மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தச் சுற்றை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஹீட்டருக்குப் பிளக்கே வேண்டாம் என்பது எங்கள் தீர்மானம். டிபியிலிருந்து நேராகத் தனிக் கம்பி, குளியலறைக்கு வெளியே ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச், அதிலிருந்து ஹீட்டர். இடையில் ஜாயிண்ட் கிடையாது. பல இழைக் கம்பியானால் முனையில் லக் வைத்துக் கிரிம்ப் செய்து, தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் அளவுக்கு முறுக்கி, பிறகு கம்பியைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டு ஓட்டைக்குள் நுழைப்பவர்கள் உண்டு. அது அந்த இடத்தில் கம்பியை ஒரு அளவு குறைத்துவிடுகிறது.

எர்த் இருக்கும்போது ஆர்சிசிபி எதற்கு?

இந்தக் கேள்விக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும், உயிர் போவது இங்கேதான்.

இந்த வீட்டில் தோட்டத்தில் ஒரு குழி எர்த். அளந்தால் 12 ஓம், குழி எர்த்துக்கு அது மோசமில்லை. டிரான்ஸ்பார்மர் பக்க எர்த்தையும் சேர்த்துச் சுற்று முழுவதற்கும் 14 ஓம் என்று வைப்போம். ஹீட்டரின் உடம்பில் ஃபேஸ் கம்பி பட்டுவிட்டால் ஓடும் மின்னோட்டம் 230-ஐ 14-ஆல் வகுத்தது, 16 ஆம்பியர். 20 ஆம்பியர் எம்சிபி கூட இதற்கு விழாது, 32-ஐப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த 16 ஆம்பியர் குழியில் இறங்கிக்கொண்டே இருக்கும். ஹீட்டரின் உடம்பும், அதே எர்த் கம்பியில் இருக்கும் மற்ற எல்லா மெஷின்களின் உடம்பும், மண்ணைவிடச் சுமார் 197 வோல்ட் உயரத்தில் நிற்கும். மின் நிறுவனமே உலோகப் பாதையில் எர்த் கொண்டுவந்து தரும் ஊர்களில் இந்தத் தடை ஒரு ஓம் அளவில்தான் இருக்கும், எம்சிபி உடனே விழுந்துவிடும். வீட்டுக்கு வீடு குழி வெட்டும் ஊரில் எம்சிபியால் இதைச் செய்ய முடியாது. 32 ஆம்பியர் சி வகை (தொடக்கத்தில் அதிகம் இழுக்கும் மெஷின்களுக்கான) எம்சிபியை நொடியில் கட்டாயம் விழ வைக்க 320 ஆம்பியர் வேண்டும், அதாவது சுற்று முழுவதும் 0.72 ஓமுக்குள் இருக்க வேண்டும். உப்பும் கரியும் எவ்வளவு கொட்டினாலும் ஒரு வீட்டுக் குழி அங்கே வராது.

ஆர்சிசிபி ஃபேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் சாதனம், 30 குறைந்தால் 300 மில்லி நொடிக்குள், 150 குறைந்தால் 40 மில்லி நொடிக்குள் துண்டிக்கும். மனிதக் கை 10 மில்லி ஆம்பியரை ஒட்டியே பிடித்ததை விட முடியாமல் இறுகத் தொடங்கும் என்பதால் ஷாக் அடிக்கவே அடிக்காது என்று இதற்கு அர்த்தமில்லை. அடிக்கும், ஆனால் இதயத்தைக் குலைக்கும் அளவுக்கு நீடிக்காது. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் எந்த ஆர்சிசிபியும் காக்காது; அதன் கண்ணுக்கு நீங்கள் ஒரு பல்பு.

எர்த்தும் வேண்டும், ஆர்சிசிபியும் வேண்டும். எர்த் இருந்தால் மெஷினில் பழுது வந்த நொடியே விழும், இல்லாவிட்டால் நீங்கள் தொடும்போதுதான் விழும்.

விழுந்துகொண்டே இருக்கும் ஆர்சிசிபி: மூன்று காரணங்கள், மூன்று கட்டங்கள்

முதல் கட்டத்தில் பழைய ஆர்சிசிபியை முறையாக இணைத்துவிட்டுத் தேடினோம். எல்லா எம்சிபியையும் அணைத்து, ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டோம். ஹீட்டர் போட்டு ஐந்து நிமிடம் கழித்து விழுந்தது, சில முறை விழவில்லை. ஹீட்டர் கம்பியைக் கழற்றி 500 வோல்ட் மெக்கரில் (மின்காப்பின் தடையை அளக்கும் மீட்டர்) பார்த்தபோது எலிமெண்டுக்கும் உடம்புக்கும் இடையே 0.012 மெகா ஓம். 230 வோல்ட்டில் அது சுமார் 19 மில்லி ஆம்பியர் கசிவு. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கும் 30-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஒழுங்கற்று விழுந்ததற்கு அதுவே விளக்கம். எலிமெண்டின் உறை விரிசல் விட்டு, உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரம் உறிஞ்சியிருந்தது. எலிமெண்டும் அதன் கேஸ்கெட்டும் மாற்றியபின் காலை நேரத் தொல்லை நின்றது. பைபாஸ் செய்தவர் இந்த ஹீட்டரோடுதான் அந்தக் குடும்பத்தை விட்டுப் போயிருந்தார்.

இரண்டாம் கட்டம் வாஷிங் மெஷின். அந்தப் பிளக்கில் எர்த் துளை இருந்தது, எர்த் கம்பி இல்லை. மெஷினுக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் உடம்பை ஏறத்தாழப் பாதி வோல்டேஜில் மிதக்க விடும். அந்தச் சுருசுருப்பு மிகச் சிறிய மின்னோட்டம். ஆனால் "இந்த மெஷினுக்கு எர்த் இல்லை" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. எர்த் இல்லாத எல்லாப் பிளக்குகளுக்கும் புதிய எர்த் கம்பி இழுத்தோம். இழுத்து முடித்ததும் ஆர்சிசிபி மீண்டும் விழத் தொடங்கியது. இந்த முறை படுக்கையறை ஏசியைப் போட்டால் விழுந்தது. ஏசியில் பழுதே இல்லை.

எல்லா மெஷினையும் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, மெயினை அணைத்து, நியூட்ரல் பாரில் இருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மெக்கர் வைத்தோம். ஃபிரிட்ஜ் இருக்கும் சுற்றில் பூஜ்யம். ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழற்றினால், நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலக் கம்பி. எப்போதோ அந்த ஃபிரிட்ஜும் சுருசுருவென்றிருக்கிறது, யாரோ இப்படி "எர்த் கொடுத்து" நிறுத்தியிருக்கிறார்கள். நின்றும்விட்டது, அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. அந்தப் பிளக்குக்கு உண்மையான எர்த் வராத வரை ஆர்சிசிபிக்கும் இது தெரியாது. உண்மையான எர்த் வந்ததும், வீட்டில் எந்த லோடு ஓடினாலும் நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பங்கு எர்த் வழியாக நழுவியது. ஏசி பெரிய லோடு என்பதால் பழி அதன்மேல் விழுந்தது.

இந்த இரண்டு அங்குலக் கம்பியை இந்த வீட்டிலேயே மிக ஆபத்தான பொருள் என்று மதிப்பிடுகிறோம். கருகிய பிளக் வாடை காட்டியது; இது எதுவும் காட்டவில்லை. அந்தச் சுற்றின் நியூட்ரல் எங்காவது ஒரு திருகில் விட்டுப்போனால், ஃபேஸ் கம்ப்ரஸர் வழியாக வந்து, அறுந்த நியூட்ரலில் ஏறி, அந்தத் துண்டுக் கம்பி வழியாக ஃபிரிட்ஜின் கைப்பிடியில் 230 வோல்ட்டாக நின்றிருக்கும். மூன்று துளைப் பிளக் சோதிப்பான் இதைக் கண்டுபிடிக்காது, எல்லாம் சரி என்று விளக்கு காட்டும். கழற்றிப் பார்ப்பது ஒன்றே வழி.

மூன்றாம் கட்டம் புதிய பெட்டி வந்தபிறகு. அதில் இரண்டு ஆர்சிசிபி. மாடிப்படி விளக்கைப் போட்ட நொடியில் இரண்டும் விழுந்தன. டூ-வே சுவிட்சுக்கு ஃபேஸ் கீழ்த்தளத்திலிருந்தும், கம்பி மிச்சம் பிடிக்க நியூட்ரல் மேல்தளத்திலிருந்தும் எடுத்திருந்தார்கள். ஒரே ஆர்சிசிபி இருந்தவரை கணக்கு சமமாகவே இருந்தது. இரண்டாகப் பிரித்ததும் ஒன்றில் போனது மற்றதில் திரும்பியது. 9 வாட் எல்இடி பல்புக்கே சுமார் 39 மில்லி ஆம்பியர், பவர் ஃபேக்டர் குறைந்த பல்பானால் இன்னும் கூடும். மாடிப்படிக்கு கீழ்த்தள நியூட்ரலையே இழுத்ததும் தீர்ந்தது. கடன் வாங்கிய நியூட்ரல் வேலைக்காரருக்கும் எமன்: மேல்தளச் சுற்றை அணைத்துவிட்டு நியூட்ரலைப் பிரிப்பவரின் கையில் கீழ்த்தள ஃபேஸ் பல்பு வழியாக வந்து நிற்கும்.

அணைத்த சுற்றைச் சோதிக்க நியான் டெஸ்டர் போதாது. மீட்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து வேலை செய்கிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து, மறுபடி கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கம்பியின் நிறத்தை நம்பவே கூடாது. நிறம் நாட்டுக்கு நாடு வேறு, காலத்துக்குக் காலம் வேறு, இந்த வீட்டில் அறைக்கு அறை வேறு.

முழுக்க மாற்றணுமா, கொஞ்சம் மாற்றினால் போதுமா?

வயதை வைத்து முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றையும் 500 வோல்ட்டில் மெக்கர் செய்தோம். பல்பு, மின்னணுச் சாதனம், சர்ஜ் காப்பு (மின்னல் போன்ற திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் சாதனம்) எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவை பழுதாகும் அல்லது அளவு பொய்யாக வரும். ஐஇசி 60364 கேட்கும் கீழ் எல்லை 1 மெகா ஓம். கீழ்த்தள விளக்குச் சுற்று 60 மெகா ஓம் காட்டியது. கம்பியை வளைத்தாலும் உறை வெடிக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு எர்த் கம்பி மட்டும் சேர்த்தோம். மேல்தள விளக்குச் சுற்று 0.8, மொட்டை மாடிக் கான்கிரீட்டின் சூட்டில் உறை பிஸ்கட் போல் நொறுங்கியது. அதை முழுக்க மாற்றினோம். பிளக் சுற்றுகள் அளவில் தேறின. ஆனால் பாதி தூரத்துக்கு எர்த் இல்லை, நடுநடுவே டேப் சுற்றிய ஜாயிண்டுகள். அவற்றையும் விட்டுவைக்கவில்லை. ரப்பர் அல்லது துணி உறை, எங்கும் எர்த் இல்லை, அலுமினியமும் செம்பும் நேராக முறுக்கிய ஜாயிண்டுகள் என்றால் யோசிக்காமல் முழுவதும் மாற்றலாம்.

பழைய பைப்பில் புதுக் கம்பியைத் திணிக்கும் ஆசை வரும். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கம்பி நிறைந்தால் இழுக்கும்போதே உறை உரியும். தவிர, ஒரே பைப்பில் இரண்டு சுற்று ஓடினால் தாங்கும் திறனை 0.8-ஆலும், மூன்று ஓடினால் 0.7-ஆலும் பெருக்க வேண்டும். ஹீட்டர்களுக்கும் சமையலறைக்கும் 25 மி.மீ. புதுப் பைப் சுவரின் மேலேயே போட்டோம். பார்க்க அழகில்லை, ஆனால் சுவரை உடைக்காமல் இரண்டு நாளில் முடிந்தது.

4 சதுர மி.மீ. கம்பி: மேல் ஹீட்டருக்கு 22 மீட்டர், கீழ் ஹீட்டருக்கு 14, சமையலறைக்கு 12. மொத்தம் 48, ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்றால் பெருக்கி, பத்து சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 160 மீட்டர். சுருள் 90 மீட்டரா 100 மீட்டரா என்று பார்த்து வாங்க வேண்டும். 90 ஆனாலும் இரண்டு சுருள் போதும். இந்தத் தடிமன்களில் எர்த் கம்பியும் ஃபேஸ் கம்பியின் தடிமனே இருக்க வேண்டும்.

மெயின் சப்ளையை ஏற்ற வேண்டுமா?

வீட்டில் உள்ள எல்லாவற்றின் வாட்டையும் கூட்டினால் 16,000-க்கு மேல் வரும், 70 ஆம்பியர். சப்ளை 40 ஆம்பியர். பயந்துவிடத் தேவையில்லை, எல்லாம் ஒன்றாக ஓடுவதில்லை. பரபரப்பான காலை நேரத்தில் மெயின் கம்பியில் கிளாம்ப் மீட்டர் மாட்டி வைத்தோம்: உச்சம் 31 ஆம்பியர். ஏற்றத் தேவையில்லை. மின்சாரக் கார் சார்ஜர் வந்தால் கதை வேறு. 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். 31-உடன் அதைக் கூட்டினால் 63. அப்போது சப்ளையை ஏற்ற வேண்டும், அல்லது வீட்டு லோடு ஏறும்போது தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் வாங்க வேண்டும்.

புதிய பெட்டி

மெயின் 40 ஆம்பியர். அதன்கீழ் பன்னிரண்டு சுற்றுகள், இரண்டு காலி இடங்கள். விளக்கு, மின்விசிறி இரண்டு சுற்று: 1.5 சதுர மி.மீ., 10 ஆம்பியர். பொதுப் பிளக் இரண்டு, ஏசி இரண்டு, வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ், பம்ப்: 2.5 சதுர மி.மீ., 16 ஆம்பியர். ஹீட்டர் இரண்டு, சமையலறை ஒன்று: 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர். 20-ஐ எப்படி முடிவு செய்தோம்? 4 சதுர மி.மீ. 32 ஆம்பியர் தாங்கும், சூட்டுக்கு 0.87, இரண்டு சுற்று ஒரே பைப்பில் போவதற்கு 0.8, மீதி 22. ஏசி, பம்ப் போல் தொடக்கத்தில் அதிகம் இழுப்பவற்றுக்கு சி வகை எம்சிபி.

ஒரே ஆர்சிசிபியில் எல்லாவற்றையும் தொங்கவிடவில்லை. ஒவ்வொரு மின்னணுச் சாதனமும் இயல்பாகவே கொஞ்சம் கசியும். அந்தக் கூட்டுத்தொகை 30 மில்லி ஆம்பியரில் 30 சதவீதத்தைத் தாண்டாமல், 9 மில்லி ஆம்பியருக்குள் இருப்பது நல்லது. ஹீட்டர்களுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனித்தனி ஆர்சிபிஓ: எம்சிபியும் ஆர்சிசிபியும் சேர்ந்த ஒரே சாதனம். ஹீட்டர் விழுந்தால் ஹீட்டர் மட்டும் விழும், வெளியூர் போயிருக்கும்போது ஃபிரிட்ஜ் அணைந்து கிடக்காது. மற்ற ஒன்பதும் இரண்டு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிகளில். கீழ் விளக்கும் மேல் பிளக்கும் ஒன்றில், மேல் விளக்கும் கீழ்ப் பிளக்கும் மற்றதில். எது விழுந்தாலும் எந்தத் தளமும் முழு இருட்டாகாது. இன்வெர்ட்டர் ஏசியும் வாஷிங் மெஷினும் இருப்பதால் பழைய 'ஏசி வகை' ஆர்சிசிபி வேண்டாம். 'ஏ வகை' எடுத்தோம், துடிப்பான நேர் மின்னோட்டக் கசிவையும் அது உணரும்.

இரண்டு ஆர்சிசிபி என்றால் இரண்டு நியூட்ரல் பார். ஒன்றின் நியூட்ரல் மற்றதன் பாரில் போனால் மாடிப்படி விளக்கில் நடந்ததே நடக்கும். ஒவ்வொரு கம்பியிலும் சுற்று எண் போட்ட வளையம் மாட்டினோம்.

சர்ஜ் காப்பு டைப் 2, ஆர்சிசிபிகளுக்கு முன்னால், தனி எம்சிபியோடு. குழி எர்த் வீடு என்பதால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஸ்பார்க் கேப் உள்ள '1+1' அமைப்பு. அதன் இணைப்புக் கம்பிகளின் மொத்த நீளம் 50 செ.மீ. தாண்டக்கூடாது. அழகுக்காகப் பெட்டியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனால், மின்னல் துடிப்பின்போது அந்த நீளமே கூடுதல் வோல்டேஜை உண்டாக்கி டிவிக்கு அனுப்பிவிடும்.

ஒப்படைக்குமுன் அளந்தவை

கரன்ட் கொடுப்பதற்கு முன் எர்த் தொடர்ச்சி. 2.5 சதுர மி.மீ. செம்பு மீட்டருக்கு 7.41 மில்லி ஓம். 20 மீட்டருக்கு 0.15 வர வேண்டும். ஒரு பிளக்கில் 1.4 வந்தது, ஜங்ஷன் பாக்ஸில் ஒரு திருகு முழுதாக இறுகவில்லை. பிறகு மெக்கர், பிறகு ஃபேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறதா என்ற பார்வை. கரன்ட் கொடுத்தபின் ஒவ்வொரு ஆர்சிசிபிக்கும் ஆர்சிபிஓவுக்கும் சோதனைக் கருவியில்: 15 மில்லி ஆம்பியரில் விழக்கூடாது, 30-இல் 300 மில்லி நொடிக்குள், 150-இல் 40-க்குள் விழ வேண்டும். கடைசியாக, கசிவு அளக்கும் கிளாம்ப் மீட்டரில் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து, வீடு முழு ஓட்டத்தில் இருக்கும்போது கசிவைக் குறித்தோம்: ஒன்றில் 4, மற்றதில் 6 மில்லி ஆம்பியர். இந்த எண்களைச் சுற்றுப் பட்டியலோடு பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். அடுத்த ஆண்டு 6 என்பது 12 ஆனால் எதையோ தேட வேண்டும் என்று அடுத்து வருபவருக்குத் தெரியும்.

ஒரு வேலை மீதியிருக்கிறது. விளக்குகளுக்குப் பேட்டரி இன்வெர்ட்டர் வைக்கும் எண்ணம் வீட்டுக்காரருக்கு உண்டு. அதற்கு முன்னால் இருக்கும் ஆர்சிசிபி, பேட்டரியில் ஓடும் நேரத்தில் பின்னாலுள்ள சுற்றுகளைக் காக்காது. இன்வெர்ட்டர் வெளியீட்டுக்குத் தனி ஆர்சிசிபியும், தனி நியூட்ரல் பாரும் வேண்டும். பேட்டரியில் ஓடும்போது அந்த நியூட்ரல் எர்த்தோடு எப்படி இணைகிறது என்பதை அந்த மாடலின் கையேட்டில் பார்த்துவிட்டுத்தான் கம்பி இழுக்க வேண்டும். இரண்டு காலி இடங்களையும் அதற்காகவே விட்டு, வாங்குவதற்கு முன் மாடல் எண்ணைச் சொல்லும்படி கேட்டிருக்கிறோம்.